நோய் வந்த நாளும் நமக்குத் தெரிந்த நாளும்

கேள்வி இதுதான்: “விலங்கு நோய்கள், உயிரிப்பாதுகாப்பு அபாயங்கள் இவற்றை அரசுகள் எப்படி மதிப்பிடுகின்றன? வருமுன் தயாராக இருப்பது நடக்கிற காரியமா, இல்லை எல்லாம் காகிதத்தோடு சரியா?”

கால்நடை மருத்துவனாகச் சில ஆண்டுகள் பண்ணை பண்ணையாக அலைந்தேன். அப்புறம் நோய் அபாயங்களை மதிப்பிட்டுக் கொள்கைக் குறிப்பு எழுதும் வேலை. இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘இந்த நோய் உள்ளே வருமா?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். ‘வந்தால் எத்தனை நாள் கழித்து நமக்குத் தெரியும்?’ என்று கேட்பவர்கள் குறைவு. சேதம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்தான் முடிவு செய்கிறது.

முதலில் மதிப்பீட்டு முறை. 1920இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் வழியாகப் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த திமில் மாடுகள், மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோயை ஐரோப்பாவில் இறக்கிவிட்டுப் போயின. அந்த அதிர்ச்சியில் 1924இல் 28 நாடுகள் பாரிஸில் கையெழுத்திட்டுத் தொடங்கியதுதான் இன்றைய உலக விலங்கு சுகாதார அமைப்பு. (அமைப்பைப் பிறக்க வைத்த அந்த நோயே 2011இல் உலகிலிருந்து ஒழிந்துவிட்டது. பெரியம்மைக்கு அடுத்து நாம் ஒழித்த இரண்டாவது நோய் அது.) இந்த அமைப்பின் விதிகள்படி மதிப்பீடு என்பது மூன்று கேள்விகள்: நோய்க்கிருமி உள்ளே வருமா, வந்தால் இங்குள்ள விலங்கைத் தொடுமா, தொட்டால் என்ன இழப்பு. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் வந்த பிறகு, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லி ஒரு நாடு இறக்குமதியைத் தடுத்துவிட முடியாது. அறிவியல் அடிப்படையில் மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். போதிய ஆதாரம் இல்லாத நேரத்தில் தற்காலிகத் தடை போடலாம், அவ்வளவுதான்.

இந்த மூன்று கேள்விக்கும் விடை எண்ணாகத்தான் மேலே போகிறது. அங்கேதான் மேலிடத்தில் இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வந்து சேரும் ஒரு சரக்கில் கிருமி இருக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். கேட்டதும் ‘அட, ஒன்றுமில்லை’ என்று தோன்றும். ஆண்டுக்கு 5,000 சரக்கு வருகிறது என்றால், அந்த ஆண்டில் ஒரு முறையாவது கிருமி நுழைய வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 39. பத்தாண்டுக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 99ஐத் தாண்டிவிடும். ஒரே அபாயம்தான். ஒரு சரக்குக்குச் சொன்னால் தூசி, பத்தாண்டுக்குச் சொன்னால் நிச்சயம். குறிப்பு எழுதுபவர் எந்த வரியை முதல் பக்கத்தில் வைக்கிறார் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். நானே முதலில் எழுதிய குறிப்பில் சின்ன எண்ணைத்தான் மேலே போட்டிருந்தேன். படித்தவர்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்னொரு வழுக்குப் பாறை ‘நோய் இல்லை’ என்ற சொல். 300 மாட்டைச் சோதித்து ஒன்றிலும் நோய் காணவில்லை என்றால், நோயே இல்லை என்று பொருளில்லை. நூற்றுக்கு ஒரு மாடு வரை நோயோடு இருந்தாலும் நம் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்றுதான் பொருள். பெரிய மந்தையில் நூற்றுக்கு ஒன்று என்பது கொஞ்சமல்ல.

சரி, அந்த ‘எத்தனை நாள்’ விஷயத்துக்கு வருகிறேன்.

2001 பிப்ரவரியில் பிரிட்டனின் எசெக்ஸ் பகுதியில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் காலில் கொப்புளம் இருப்பதை ஒரு கால்நடை மருத்துவர் கவனித்தார். 20ஆம் தேதி கோமாரி நோய் என்று உறுதியானது. நாடு முழுக்கக் கால்நடை நடமாட்டத்தை நிறுத்தியது 23ஆம் தேதி. மூன்று நாள் தாமதம் என்று அதைத் திட்டாதவர்கள் கிடையாது. ஆனால் பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேக வைக்காத எச்சில் உணவுக் கழிவு வழியாக நோய் தொற்றியிருந்தது என்று பிறகு முடிவுக்கு வந்தார்கள். அங்கிருந்து அக்கம்பக்கத்துச் செம்மறிகளுக்குப் போனது. செம்மறியில் கோமாரி லேசாகத்தான் தெரியும். லேசாக நொண்டும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்தச் செம்மறிகள் சந்தைக்குச் சந்தை ஏறி இறங்கின. முதல் பன்றிக்கு நோய் உறுதியான நேரத்தில் குறைந்தது 57 பண்ணைகளில் வைரஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்துப் பண்ணைகளில் நோய் வரும் என்று நினைத்து எழுதிய திட்டம் இருந்தது. கடைசியில் நோய் கண்டது 2,026 பண்ணைகளில். அறுபது லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். மொத்த இழப்பு 800 கோடி பவுண்டு அளவில். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலேசியா நினைவுக்கு வரும். 1998 செப்டம்பரிலிருந்து பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. கொசு வழியாகப் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். அதே தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. பண்ணைகளில் பன்றிகள் ஒரு மாதிரி குரைப்பது போல் இருமிக்கொண்டிருந்தன; ‘ஒரு மைல் இருமல்’ என்றே அதற்குப் பெயர். 1999 மார்ச்சில்தான் இது நிபா என்ற புதிய வைரஸ் என்று தெரிந்தது. அதற்குள் பன்றிகளை லாரியில் ஏற்றித் தெற்கே விற்று, நோயும் கூடவே போயிருந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள்; பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். பன்றியின் இருமலைக் கேட்டவர்களும் மனிதரின் காய்ச்சலைப் பார்த்தவர்களும் முதல் வாரத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால்? கால்நடைத் துறைக்கு ஒரு கட்டடம், சுகாதாரத் துறைக்கு ஒரு கட்டடம் என்று இருக்கும் எந்த அரசிலும் இது மறுபடி நடக்கும்.

பணக்கார நாட்டில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸில் 2024 தொடக்கத்தில் கறவை மாடுகளுக்குப் பால் குறைந்தது. கறந்த பால் சீம்பால் மாதிரி மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. காரணம் புரியவில்லை. பண்ணைப் பூனைகள் சாகத் தொடங்கியதுதான் துப்பு. மார்ச் 25 அன்று பறவைக்காய்ச்சல் வைரஸ் என்று உறுதியானது. மரபணுவை ஆராய்ந்ததில், 2023 இறுதியிலேயே மாட்டுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. மாட்டின் மடியில் அந்த வைரஸைத் தேட வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அபாயப் பட்டியலில் இல்லாததைச் சோதனைக்கூடமும் தேடாது. அதனால்தான் நோய்ப் பெயர்களை வரிசையாக எழுதிய பட்டியலைவிட, ‘வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் மாதிரி எடுத்து அனுப்பு, செலவு அரசுடையது’ என்ற ஒரு வரி உத்தரவை நான் அதிகம் நம்புகிறேன்.

அந்த நாட்களைக் குறைக்க என்ன செய்யலாம்? சோதனைக்கூடம் வேண்டும், மருத்துவர்கள் வேண்டும், சரி. ஆனால் முதல் தகவல் வருவது பண்ணைக்காரரிடமிருந்து. அவர் போனை எடுப்பாரா என்பதுதான் மொத்தக் கொள்கையும். ஒரு பண்ணையில் கிழவர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “டாக்டர், நான் சொன்னா என் மாட்டைக் கொல்லுவீங்க. சொல்லலைன்னா ஒருவேளை பொழைச்சுக்கும். நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?” எனக்கு உடனே பதில் வரவில்லை. இழப்பீடு எப்போது வரும் என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இழப்பீடு குறைவாக இருந்தால் நோயை மறைப்பார்கள், இரவோடு இரவாக விற்றுவிடுவார்கள். சந்தை விலைக்கு மேலே கொடுத்தால் வேறு விதமான தொல்லை. தொகை, யார் கொடுப்பது, எத்தனை நாளில் என்பதெல்லாம் நோய் இல்லாத காலத்திலேயே எழுதி முடிந்திருக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியா 2002இல் செய்துகொண்ட ஒப்பந்தம். மத்திய, மாநில அரசுகளும் கால்நடைத் தொழில் அமைப்புகளும் சேர்ந்து நோய்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கின்றன. மனிதருக்கும் பெரிய ஆபத்தான நோய் என்றால் முழுச் செலவும் அரசுடையது. தொழிலை மட்டும் பாதிப்பது என்றால் எண்பது விழுக்காடு வரை தொழில்துறை தரும். நடுவே இரண்டு படி. பணம் தருபவர்களுக்கு முடிவெடுக்கும் மேசையிலும் இடம் உண்டு. நெருப்பு எரியும்போது வாளி யாருடையது என்று சண்டை போட வேண்டியதில்லை.

செக் குடியரசு வேறு விதமாகச் செய்தது. 2017 ஜூனில் ஸ்லீன் பகுதியில் காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் தெரிந்ததும் பகுதியைச் சுற்றி வேலி போட்டார்கள். செத்த காட்டுப்பன்றியைக் கண்டுபிடித்துச் சொன்னால் பணம் என்று அறிவித்தார்கள். பிணம் கிடந்தால் வைரஸும் அங்கேயே மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் தேடி எடுத்தார்கள். 2019இல் நாடு நோயற்றது என்று அறிவிக்க முடிந்தது.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. கோமாரி வைரஸில் ஏழு வகை, ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. எனவே ‘தடுப்பூசி கையிருப்பு உண்டு’ என்று திட்டத்தில் எழுதியிருந்தால் எந்த வகைக்கு என்று கேளுங்கள். ஊசி போட்ட மாடுகளை உயிரோடு வைத்தால், நோயற்ற நாடு என்ற தகுதி திரும்பக் கிடைக்கப் பொதுவாக ஆறு மாதம். கொன்றுவிட்டால் மூன்று மாதம். ஏற்றுமதிக்கு அந்த மூன்று மாதம் எவ்வளவு பெறும் என்பதைப் பிணக்குவியலுக்கு முன்னால் நின்று கணக்குப் போடக் கூடாது.

கடைசியாக, காகிதமா நடைமுறையா என்ற உங்கள் கேள்வி. நான் இருந்த ஓர் இடத்தில் 140 பக்க அவசரகாலத் திட்டம் இருந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல முடியாது. ஒரு நாள் ஒத்திகை வைத்தோம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு பண்ணையிலிருந்து போன் வருவதாகக் கதை. திட்டத்தில் இருந்த முதல் எண்ணை அழைத்தோம். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம். இரண்டாவது எண் அலுவலக எண்; ஐந்து மணிக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. மாதிரி எடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனோம். வண்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். குளிர்பெட்டியைத் தேடினோம், அது இருந்தது, ஆனால் யாருடைய மதியச் சாப்பாடோ உள்ளே இருந்தது. மாதிரி சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர ஆகியிருக்கும் நேரம் 62 மணி. பண்ணை வாசலில் கிருமிநாசினித் தொட்டியும் இருந்தது; அடியில் சாணம் படிந்து கஞ்சியாக இருந்தது. சாணம் கலந்தால் மருந்து செத்துவிடும் என்று திட்டத்தின் 87ஆம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டு மறுபடி ஒத்திகை. திட்டத்தில் ஒரு பக்கம்கூடக் கூடவில்லை. முதல் பக்கத்தில் மூன்று கைப்பேசி எண்கள், வண்டியை முன்அனுமதி இல்லாமல் எடுக்கலாம் என்ற ஓர் உத்தரவு, குளிர்பெட்டி மீது சிவப்பு மையில் ‘மாதிரிக்கு மட்டும்’. இந்த முறை 11 மணி நேரம். பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு தயிர்ப் பாத்திரம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.