யார் அந்தத் துரோகி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் துப்பறியும் கதைகளை விடாமல் வாசிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். போன விடுமுறையில் மாமாவின் பழைய பிளேஸ்டேஷனைக் கேட்டு வாங்கி, விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர் டெல்டேல் நிறுவனத்தின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ விளையாடினோம். ஓர் இரவுக்கு ஓர் எபிசோடு, மொத்தம் ஆறு. ஃபாரஸ்டர் குடும்பத்தின் ஆலோசனைக் குழுவில் இருக்கும் யாரோ ஒருவர் எதிரியான வைட்ஹில்களுக்கு ரகசியம் சொல்கிறார் என்று தெரிந்ததும் சுவரில் பெரிய தாள் ஒட்டி ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவிட்டோம். கோட்டையின் காக்கைக் கடிதங்களெல்லாம் அங்குள்ள கல்விமான் மேஸ்டர் ஆர்டென்கிரின் கைவழியாகத்தான் போகின்றன, ஆகவே அவர்தான் என்றேன் நான். தாய் எலிசா என்றான் ஒரு நண்பன். நிர்வாகி டங்கன் எதையோ மறைக்கிறார், நார்த் குரோவ் என்ற ரகசிய இடம் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்றான் இன்னொருவன். ஐந்தாவது எபிசோடில் பார்த்தால் தளபதி ராய்லண்ட்! சரி, தோற்றோம் என்று விட்டுவிட்டோம்.

பிறகு பக்கத்து அறை ஜூனியர் விளையாடினான். அவனுக்கு டங்கன் துரோகி. முதல் எபிசோடில் சென்டினல் பதவியை, அதாவது பிரபுவின் வலக்கை என்ற இடத்தை, இந்த இருவரில் யாருக்குக் கொடுக்கிறோமோ, அவரைத் தவிர்த்த மற்றவர்தான் துரோகியாம். எனக்குக் கோபமே வந்தது. துரோகி என்று ஒருவர் முன்கூட்டியே இல்லை என்றால் நாங்கள் சேர்த்த தடயங்களுக்கு என்ன அர்த்தம்? ஆள் மாறினால் குணமும் மாறிவிடுமா? உங்கள் கதை ஒன்றில் இப்படிச் செய்வீர்களா?

– ம.

அன்புள்ள ம.,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தச் சுவர்த் தாளையும் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது. இந்த விளையாட்டை இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில், நீங்கள் ஆறு இரவுகளில் முடித்ததை நாங்கள் ஒரு வருடம் விளையாடினோம். முதல் எபிசோடு 2014 டிசம்பர் 2 அன்று வந்தது, கடைசி எபிசோடு 2015 நவம்பர் 17 அன்று. நான்காவது வந்தது மே 26, ஐந்தாவது ஜூலை 21. நடுவில் சரியாக எட்டு வாரம். குழுவில் ஒரு கறுப்பு ஆடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எட்டு வாரம் சும்மா இருக்க முடியுமா? நானும் சித்தி மகளும் தினமும் போனில் இதைத்தான் பேசுவோம். யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள், யார் பேச்சை யார் வெட்டினார்கள், அந்த வீட்டுப் பெண் டாலியா எந்தக் கதவருகே நின்றாள் என்று ஒவ்வொரு காட்சியையும் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். உலகமெங்கும் அப்படி ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டிருந்தார்கள். ரசிகர்களின் ஊகங்களை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். ஒரு கதையை இவ்வளவு உன்னிப்பாக வாசிக்கும் வாசகர் கிடைக்க எந்த எழுத்தாளருக்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தியரிக்கு வருகிறேன். மேஸ்டரைச் சந்தேகித்தபோது நீங்கள் கேட்ட கேள்வி, ‘ரகசியம் வெளியே போகும் வழி யார் கையில் இருக்கிறது?’ என்பது. போலீஸ்காரர் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் கூட இருந்தே குழி பறிக்கிறவனைத் தேடும்போது வழியைவிட வலியைத் தேட வேண்டும். இந்த வீட்டில் யாருக்கு அடிபட்டது? அப்படிக் கேட்டிருந்தால் முதல் எபிசோடிலேயே நின்றிருப்பீர்கள்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தந்தை கிரெகர் இரட்டைக் கோட்டை வாசலில் செத்துவிட்டார். மூத்தவன் ராட்ரிக்கும் இறந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அடுத்தவன் ஆஷர் நாடுகடத்தப்பட்டு, கடலுக்கு அப்பால் எசோஸில் இருக்கிறான். மீசை முளைக்காத தம்பி ஈத்தன் திடீரென அவர்களின் கோட்டையான அயர்ன்ராத்தின் பிரபு. அவன் முன்னால் இரண்டு மூத்தவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கோட்டை நிர்வாகி டங்கன் டட்டில். பேசித் தீர்ப்போம், நிதானமாகப் போவோம் என்கிறவர். இன்னொருவர் வீரர்களைப் பழக்கும் தளபதி ராய்லண்ட் டெகோர். குனிந்தால் குட்டுவார்கள், வாளை எடு என்கிறவர். இருவருமே அந்த வீட்டில் உழைத்துக் கிழமானவர்கள். அந்தப் பையன் எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைத் தன் வலக்கையாக அறிவிக்கிறான். மற்றவர் அந்தச் சபையிலேயே நின்று அதைக் கேட்டுக்கொள்கிறார்.

அதே எபிசோடிலேயே அந்தப் பையனும் போய்விடுகிறான் என்பதுதான் என்னை அசைத்த விஷயம். நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எபிசோடின் முடிவில் கொடூரன் ராம்சே ஸ்னோ ஈத்தனின் கழுத்தில் கத்தியைச் செருகிவிடுகிறான். அடுத்த எபிசோடில் பிணங்களுக்கு நடுவிலிருந்து உயிரோடு மீண்டு வரும் ராட்ரிக் தம்பியின் நாற்காலியோடு தம்பி உண்டாக்கிய மனக்கசப்பையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறான். அது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஈத்தனாக இருந்து அந்தப் பதவியைக் கொடுத்ததும் நாம், ராட்ரிக்காக இருந்து அதன் விலையைக் கொடுத்ததும் நாம். நாமோ முதல் எபிசோடைத் தாண்டியதும் மறந்துவிட்டு மேஸ்டரின் காக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்! நானும்தான். டெல்டேல் விளையாட்டுகளில் நாம் ஒன்றைச் சொன்னதும் திரை மூலையில், இவர் இதை நினைவில் வைத்துக்கொள்வார் என்ற பொருளில் ஒரு வரி மின்னி மறையுமே, அதை வெறும் அலங்காரம் என்று எத்தனை முறை கடந்துபோயிருப்போம்.

ஆகவே தடயம் இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தடயம் இருந்தது, அதை வைத்தவர் நீங்கள். இதே மாதிரி ஆளை மாற்றும் வித்தை புதிதும் அல்ல. 1997-ல் வந்த பிளேட் ரன்னர் கணினி விளையாட்டில் பல பாத்திரங்களில் யார் மனிதர், யார் செயற்கை மனிதர் என்பதை ஒவ்வொரு முறையும் கணினியே குலுக்கிப்போட்டுத் தீர்மானிக்கும். அங்கே அது சீட்டுக் குலுக்கல். இங்கே காரணகாரியம் உண்டு. ஒதுக்கப்பட்டவர் கசந்துபோகிறார், கசந்தவர் தனக்குச் சரியென்று படுகிற வழியில் வீட்டைக் காப்பாற்றக் கிளம்புகிறார். நம்மவர்களுக்கு இது புதிய கதையா? ராவணன் சபையில் தம்பி சொன்ன புத்திமதி எடுபடவில்லை, அவர் கடல் தாண்டிப் போனார். ஒரு வித்தியாசம், விபீஷணர் பகலில், எல்லோரும் பார்க்கப் போனார். அயர்ன்ராத்தில் இருப்பவர் அதே மேசையில் உட்கார்ந்துகொண்டே போய்விட்டார்.

ஆள் மாறினால் குணம் மாறிவிடுமா என்று கேட்கிறீர்கள். டங்கனுக்குள் துரோகி எப்போதும் இருந்தாரா, இல்லையா? என்னிடம் நேராகக் கேட்டால், எல்லா மனிதர்களுக்கும் ஒரு நொடியில் திரும்பிவிடக்கூடிய ஒரு மூலை உண்டு என்று நம்புகிறவள் நான். முப்பது வருடம் ஒரு கடையைத் தூக்கி நிறுத்திய கணக்குப்பிள்ளை, முதலாளி மகன் வெளியாளை மேலாளராகப் போட்ட மறுமாதம் பூட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனதை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பதவி அவருக்கே வந்திருந்தால் அந்தக் கடையில் செத்திருப்பார். இரண்டு மனிதரும் ஒருவர்தான்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. துப்பறியும் கதை எழுதுகிறவளாகச் சொல்கிறேன், மர்மம் என்ற அளவில் இதில் பெரிய ஓட்டை உண்டு. துரோகி இருவரில் யாராகவும் இருக்கலாம் என்றால், இடையில் வரும் எந்தக் காட்சியும் ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டக் கூடாது. ரகசியம் எதுவாக இருந்தாலும் அது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டங்கன் நள்ளிரவில் குதிரையேறினார் என்று ஒரு காட்சி வைத்தால், ராய்லண்டுக்கும் அதற்கு இணையான காட்சி ஒன்றை எழுதி, குரல் பதிவு செய்து, அசைவூட்டி வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாகச் செய்துகொண்டே போனால் செலவு எங்கோ போய்விடும். அதனால் கிளை விரிந்ததும் மறுபடி ஒரே தண்டுக்கு இழுத்துவந்து சேர்ப்பார்கள். விளைவு, இரண்டாவது எபிசோடிலிருந்து நான்காவது வரை நாம் தோண்டிய இடங்களில் ஒன்றுமே புதைக்கப்பட்டிருக்கவில்லை. நீங்கள் ஏமாந்ததாக உணர்வது அதனால்தான், அந்த உணர்வு சரியானதும்கூட. வாசகரைத் தேடச் சொல்லிவிட்டு நடுவழியில் வெறும் மண்ணைக் கொடுக்கக் கூடாது. நான் எழுதினால் இப்படி எழுதமாட்டேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இருவருக்கும் ஒரே துரோகத்தைக் கொடுத்தது தவறு. டங்கன் இதைச் செய்வார், நம்ப முடிகிறது. பேசித் தீர்க்கலாம் என்று வாழ்நாளெல்லாம் நம்பிய மனிதர், தன் பேச்சை இங்கே யாரும் கேட்கவில்லை என்றானதும் எதிரியிடம் போய்ப் பேசுகிறார். அவர் குணம் அவரை அங்கே கொண்டுபோய் விடுகிறது. ராய்லண்ட்? வைட்ஹில் என்ற பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிற மனிதர். அவர் அந்தக் குடும்பத் தலைவன் லட் வைட்ஹிலுக்குச் செய்தி அனுப்பினார் என்பதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. ராய்லண்ட் துரோகம் செய்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும். பிரபுவின் கட்டளையை மீறி ஓர் இரவு வாசலைத் திறந்து ஆட்களோடு பாய்ந்து, சமாதானம் நடக்கவிருந்த வேளையில் போரை மூட்டியிருப்பார். அதுவும் அந்த வீட்டை அழித்திருக்கும், ஆனால் அது ராய்லண்டின் கையெழுத்தாக இருந்திருக்கும். இரண்டு மனிதர்களைப் படைத்தவர்கள் இரண்டு துரோகங்களைப் படைக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் முதலில் விளையாடியபோது ராய்லண்டுக்குப் பதவி கொடுத்தேன். எனக்கு டங்கன் துரோகியானார். காரெட் என்ற அநாதைப் பையனுக்கு அவர் மாமா, அவனை வடக்கெல்லைப் பெருஞ்சுவருக்கு அனுப்பி, நார்த் குரோவ் ரகசியத்தை நம்பி ஒப்படைத்தவர். அதே மனிதர் ஐந்தாவது எபிசோடில் குற்றவாளியாக நின்றபோது, கொல்வதா விடுவதா என்று திரை கேட்டது. நான் வெகுநேரம் கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்ற அவருடைய வாதத்தில் பொய் இருப்பதாக எனக்குப் படவில்லை. கடைசியில் விட்டுவிட்டேன். அடுத்த தடவை டங்கனுக்குப் பதவி கொடுத்து விளையாடியபோது அவர் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதாவது, உங்களுக்கு வாய்த்தது அந்தக் கதையின் பலவீனமான பாதி. உங்கள் அதிருப்தியில் பாதிக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். டங்கன் எதையோ மறைக்கிறார் என்று சொன்ன உங்கள் நண்பருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், அவர் சரியான மனிதரைப் பார்த்திருக்கிறார்.

சுவர்த் தாளைக் கிழித்துவிட்டீர்களா? இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். அடுத்த விடுமுறையில் மாமாவிடம் மறுபடி கேட்டு வாங்கி, இந்தமுறை ராய்லண்டை சென்டினல் ஆக்குங்கள். ஈத்தன் பெயரைச் சொல்லும் அந்த நொடியில் டங்கன் முகத்தை மட்டும் பாருங்கள், அதற்குப் பிறகு அவர் பேசும் ஒவ்வொரு வரியையும் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். நான் எங்கே தவறவிட்டேன் என்று எனக்கும் தெரிய வேண்டும்.