கிருஷ்ண மேனனின் எட்டு மணி நேரம் – கடிதமும் பதிலும்

ஐயா,

ஐ.நா. பற்றிய உங்கள் கட்டுரையில் வி. கே. கிருஷ்ண மேனனை ‘நம் நாட்டின் மிகத் திறமையான தூதர்களில் ஒருவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அது உறுத்தியது. என் பெரியப்பா 1962-ல் வடகிழக்கு எல்லையில் இருந்தவர். பனியில் பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் ஷூவோடும் நின்ற கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மேனன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். ஜீப் ஊழலில் ஆரம்பித்துச் சீனப் போரில் வந்து முடிந்த ஒருவரை எதற்குப் புகழ வேண்டும்? காஷ்மீருக்காக ஐ.நா.வில் எட்டு மணி நேரம் பேசினார் என்பதைத் தவிர அவர் கணக்கில் வரவு என்று என்ன இருக்கிறது? டெல்லியில் அவர் பெயரில் ஒரு சாலை இன்னும் இருப்பது சரிதானா?

ஆர்., வேலூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் பெரியப்பாவின் கோபத்தோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. மேனன் 1957 ஏப்ரலிலிருந்து 1962 அக்டோபர் கடைசி வரை பாதுகாப்பு அமைச்சர். அந்த ஷூவுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ராணுவத்துக்கு அந்நியச் செலாவணி தர நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கையை இறுக்கினார், நேருவே சீனா தாக்காது என்று நம்பினார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை மேனனின் பொறுப்பைப் பங்குபோட உதவும், இல்லாமல் ஆக்காது.

ஆனால் நான் எழுதியது தூதர் மேனனைப் பற்றி. அங்கே உங்களோடு ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். நீங்கள் வரவு என்று வைத்திருக்கும் அந்த எட்டு மணி நேரத்தை நான் வரவில் சேர்க்கவே மாட்டேன்.

1957 ஜனவரி 23 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் பேச எழுந்தார். மறுநாளும் தொடர்ந்தார். நடுவில் மயங்கி விழுந்தார். ஐ.நா.வின் 1948 ஆகஸ்ட் தீர்மானப்படி பாகிஸ்தான் முதலில் படைகளை விலக்கவில்லை, அப்படியிருக்கக் காஷ்மீர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதைப் பற்றி எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்பதுதான் வாதத்தின் சாரம். நல்ல வாதம். இந்திய அதிகாரிகள் இன்றுவரை அதையே திருப்பிச் சொல்கிறார்கள். சரி, விளைவு என்ன? பேச்சு முடிந்த அதே 24-ம் தேதி, இந்தியா விரும்பாத தீர்மானம் பத்து வாக்குகளோடு நிறைவேறியது. சோவியத் யூனியன்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை, ஒதுங்கி நின்றது. அடுத்த மாதம் வந்த இன்னொரு தீர்மானத்தை மாஸ்கோ வீட்டோவால் தடுத்தது, ஆனால் அதற்கு மாஸ்கோவின் சொந்தக் கணக்குகள் இருந்தன. அந்த எட்டு மணி நேரம் உண்மையில் பேசப்பட்டது பம்பாய்க்கும் டெல்லிக்கும்தான். அந்த வருடப் பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாயில் ஜெயித்து மக்களவைக்குப் போனார்.

என் கட்டுரையின் அந்த ஒரு வரிக்குக் காரணம் வேறு. கொரியா.

கொரியப் போரை நிறுத்தும் பேச்சுவார்த்தை 1951 ஜூலையில் தொடங்கியது. மற்ற விஷயங்கள் பெரும்பாலும் தீர்ந்த பிறகும் போர்க்கைதிகள் விஷயத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிடிபட்ட சீனர்களிலும் வட கொரியர்களிலும் பல்லாயிரம் பேர் ஊர் திரும்ப மறுத்தார்கள். விருப்பமில்லாதவனைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி அத்தனை பேரையும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றது சீனா. இந்த ஒரு கேள்விக்காகப் போர் ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தது, போர்முனையில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

1952 நவம்பரில் மேனன் ஐ.நா. பொதுச்சபைக்கு ஒரு வரைவைக் கொண்டுவந்தார். கைதிகளை இரண்டு தரப்பும் வைத்துக்கொள்ள வேண்டாம், நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம். திருப்பி அனுப்பவும் பலாத்காரம் கூடாது, தடுக்கவும் கூடாது. அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தூதுக்குழுவாகப் போய்ப் பேசி, சொல் சொல்லாக மாற்றி, மறுபடி எழுதி, மறுபடி பேசித்தான் அதற்கு ஆள் சேர்த்தார். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் அச்சசனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஈடனும் கனடாவின் வெளியுறவு அமைச்சர் பியர்சனும் பக்கபலமாக நின்றார்கள். கடைசியில் அமெரிக்காவும் திருத்தங்களோடு ஒத்துக்கொண்டது. டிசம்பர் 3 அன்று 54-க்கு 5 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த ஐந்தும் சோவியத் அணி. சீனாவும் நிராகரித்தது. மேனன் தோற்றுவிட்டார் என்றுதான் அப்போது தோன்றியிருக்கும்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அந்த மாதக் கடைசியிலேயே சீனப் பிரதமர் சூ என்லாய் இறங்கிவந்தார். ஜூனில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட கைதிகள் உடன்பாட்டின் எலும்புக்கூடு மேனன் வரைவுதான். ஜூலை 27-ல் போர் நின்றது. மேனன் ஒருவரால்தான் நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தரப்பும் முகம் கோணாமல் வெளியே வர ஒரு வாசல் தேவைப்பட்டபோது, அது ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது.

ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை ஏற்றுக்கொண்ட ஆணையத்துக்கு இந்தியா தலைமை தாங்கியது. தலைவர் ஜெனரல் திம்மையா. முகாம்களைக் காத்த இந்தியப் படையின் தளபதி மேஜர் ஜெனரல் தோராட். கைதிகள் நம் அதிகாரி ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டபோது தோராட் ஆயுதமில்லாமல் உள்ளே போய்ப் பேசி மீட்டுவந்தார். இரண்டு பக்கமும் போக விரும்பாத 88 பேரை நம் படையினர் கப்பலில் தங்களோடு அழைத்துவந்தார்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். பிரசிடென்சியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து, அடையாற்றில் அன்னி பெசன்ட்டோடு சுற்றித் திரிந்த மேனனின் சென்னை. நம்மூரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1954-ல் இந்தோசீனா (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பற்றிய ஜெனீவா மாநாட்டில் ஒன்பது தரப்புகள் உட்கார்ந்தன. இந்தியாவுக்கு நாற்காலியே இல்லை. மேனன் அழைப்பில்லாமல் போய் எல்லா அறைகளிலும் ஏறி இறங்கினார். முடிவில் அங்கே போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் ஆணையங்களின் தலைமை இந்தியாவுக்கு வந்தது.

இனி பற்றுப் பக்கம். நீங்கள் ஜீப்பில் ஆரம்பிக்கிறீர்கள். 1948-ல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்தபோது, நடைமுறையை ஒதுக்கிவிட்டு, ராணுவத்துக்கு ஜீப் வாங்க, பேர் தெரியாத ஒரு கம்பெனியோடு சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். அவர் தன் பைக்குப் பணம் எடுத்தார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை என்பதால். நீதி விசாரணை வேண்டும் என்ற குரலை மீறி 1955-ல் அரசு கோப்பை மூடியது. சில மாதங்களில் மேனன் மத்திய அமைச்சரானார். இதில் மேனனைவிட நேருவின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

தூதராக அவர் செய்த பெரிய பிழை என்று என்னைக் கேட்டால் ஹங்கேரியைத்தான் சொல்வேன். 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. முதல் தீர்மானத்தில் இந்தியா ஒதுங்கி நின்றது. 9-ம் தேதி, ஐ.நா. மேற்பார்வையில் அங்கே சுதந்திரத் தேர்தல் கேட்ட தீர்மானத்தை மேனன் எதிர்த்தே வாக்களித்தார். அந்த வழக்கம் நாளை காஷ்மீருக்கும் வந்துவிடும் என்ற பயம். சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கிய பிரிட்டனையும் பிரான்சையும் அப்படிக் கண்டித்த நாடு, அதே வாரம் இப்படிக் கை தூக்கியதை உலகம் பார்த்தது. இரண்டரை மாதம் கழித்து அவர் காஷ்மீருக்காக நியாயம் பேச எழுந்தபோது கேட்பவர்கள் இதை மறந்திருப்பார்களா?

1962-க்கு வருகிறேன். ஊரூராகப் போய்ப் பஞ்சாயத்து பேசியவருக்குத் தன் வரப்புத் தகராறு பிடிபடவில்லை. லாவோஸ் மாநாட்டுக்காக ஜெனீவா போன இடத்தில் 1962 ஜூலையில் சீன வெளியுறவு அமைச்சர் சென் யீயோடு பேசினார். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றே நினைத்தார். கொரியாவில் பலித்த முறையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் அங்கே அவர் மூன்றாம் ஆள். இங்கே தகராறில் அவரே ஒரு தரப்பு.

எனக்கு இன்னும் கசப்பானது வேறு ஒன்று. கொரியாவில் அவர் காகிதத்தில் எழுதியதைக் களத்தில் நடத்திக் காட்டிய திம்மையா, ராணுவத் தளபதியாக 1959-ல் அதே மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு பேசித் திரும்பப் பெறவைத்தார். கிழக்கு எல்லையை எங்கே நின்று காப்பது என்று திட்டம் போட்டுக் கொடுத்த தோராட்தான் தனக்குப் பின் வர வேண்டும் என்றார் திம்மையா. 1961-ல் ராணுவத் தளபதி பதவி ஜெனரல் தாப்பருக்குப் போனது. மேனனுக்குப் பிடித்த பி. எம். கவுல் மேலே ஏறினார். உங்கள் பெரியப்பா நின்ற பனி மலைக்கு அடுத்த வருடம் தளபதியாக வந்தவர் இந்த கவுல்தான்.

சாலை இருக்கட்டும் என்பேன். பெயரை எடுத்துவிட்டால் இப்படி ஒரு கடிதம் எழுதவும் யாருக்கும் தோன்றாது.

உங்கள் பெரியப்பா எந்தப் படைப்பிரிவில், எந்த முகாமில் இருந்தார், என்ன உடுப்பு, என்ன சாப்பாடு, எத்தனை தோட்டா என்று சொன்னாரோ அதையெல்லாம் நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். அனுப்பிவைத்தால் வெட்டாமல் வெளியிடுகிறேன்.