கேஸ் சப்ரஷன் டெஸ்டிங், கமிஷனிங்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சர்வர் அறை, யூபிஎஸ் அறை, எலெக்ட்ரிக்கல் பேனல் அறை என்று தண்ணீர் படக்கூடாத இடங்களில் போடும் கேஸ் சப்ரஷன் (தீயை கேஸால் அணைக்கும் சிஸ்டம்) பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், கேஸை ஒருமுறை திறந்துவிட்டுப் பார்க்காமல் சிஸ்டம் வேலை செய்யும் என்று எப்படி நம்புவது? கிளையன்ட் விடாமல் கேட்கிறார்.

முழு கேஸையும் வீணாக்க வேண்டியதில்லை. எஃப்எம்-200 போன்ற தீயணைக்கும் கேஸ், கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால் சிஸ்டத்தைப் பிரித்துப் பிரித்துச் சோதிக்கிறோம். என்எஃப்பிஏ 2001 என்ற அமெரிக்கத் தீயணைப்புத் தரவிதி சொல்கிறபடி, பைப்பை அடைத்து 40 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி 10 நிமிடம் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு நைட்ரஜன் விட்டு பஃப் டெஸ்ட். கேஸ் வெளியே வரும் ஒவ்வொரு நாசிலிலும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள். எந்தப் பை உப்பவில்லையோ அந்த பைப்பில் அடைப்பு. வெல்டிங் கசடு, துணி, மறந்துபோன டம்மி பிளக் என்று என்னென்னவோ வெளியே வரும். கேஸைத் திறக்கும் கன்ட்ரோல் பேனலையும் அறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பேனல் டெஸ்ட் பண்ணும்போது கேஸ் தானாகத் திறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது தம்பி, விட்டுவிடாதே. முதலில் சிலிண்டர் வால்விலிருந்து சோலினாய்டை, அதாவது மின்சாரத்தில் வால்வைத் திறக்கும் பாகத்தை, கழற்று. பேனலில் ஐசொலேட் சுவிட்ச் போட்டாயிற்று என்பதை மட்டும் நம்பி நிற்காதே. கழற்றிய சோலினாய்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் டிடெக்டரில் புகை கொடு: மணி அடிக்க வேண்டும். அடுத்த ஜோனில் (இன்னொரு டிடெக்டர் வரிசையில்) கொடு: ஹூட்டர் கத்தும், ஏசி நிற்கும், காற்றுக்குழாயின் டேம்பர் மூடும், கவுன்ட்டவுன் ஓடும். பெரும்பாலும் 30 விநாடி வைத்திருப்பார்கள். ஸ்டாப்வாட்சில் பார். முடியும் நொடியில் உள்ளங்கையில் ‘டக்’ என்று ஒரு உதை தெரியும். சோலினாய்டின் ஊசி, அதாவது ‘பின்’, வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். பேனலை ரீசெட் செய்தாலும் பல மாடல்களில் பின் தானாக உள்ளே போகாது. ரீசெட் டூலால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பின் நீட்டியபடியே வால்வில் மாட்டினால் அந்தக் கணமே சிலிண்டர் திறந்துவிடும். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு சைட்டில் இப்படியே நடந்தது. டெஸ்ட் முழுக்கப் பாஸ், மாட்டும்போது மொத்த கேஸும் போய்விட்டது. அன்றிலிருந்து மாட்டுவதற்கு முன் பின்னை விரலால் தடவிப் பார்க்காமல் நான் மாட்டியதே இல்லை. அதேபோல, மாட்ட மறந்து சைட்டை ஒப்படைத்தால் அதைவிட மோசம். தீ வரும், ஹூட்டர் கத்தும், கேஸ் வராது. மாட்டியதைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் வை.

இன்னொன்று: பைப்பில் இணைக்காத சிலிண்டரில் பாதுகாப்பு மூடியைக் கழற்றவே கூடாது. கட்டாத சிலிண்டர் திறந்துகொண்டால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்.

கேள்வி: டோர் ஃபேன் டெஸ்டில் 4 நிமிடம்தான் வந்தது. இன்னொரு சிலிண்டர் சேர்த்தால் சரியாகுமா?

ஆகாது. கதவில் ஃபேன் வைத்து, அறையில் கேஸ் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கணக்கிடுவதுதான் இந்த டெஸ்ட். கேஸ் கலந்த காற்று கனமானது, கீழே உள்ள ஓட்டை வழியாக வெளியேறும். மேலே உள்ள ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். கேஸைக் கூட்டினால் கலவை இன்னும் கனமாகி இன்னும் வேகமாக வடியும். அறையில் உள்ள பொருள்களின் உச்சி உயரத்தில், டிசைன் அளவில் 85 சதவீதமாவது 10 நிமிடம் நிற்க வேண்டும். ஃபேன் ஓடும்போதே புகைப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு ரெய்ஸ்டு ஃப்ளோருக்கு (உயர்த்திப் போட்ட தரைக்கு) கீழே குனியுங்கள். கேபிள் ட்ரே சுவரைத் தாண்டும் இடத்தில் புகை நூல் மாதிரி இழுபட்டு ஓட்டைக்குள் போகும். அதை ஃபயர் சீலன்ட் வைத்து அடையுங்கள். எல்லாவற்றையும் இறுக அடைத்த பிறகு, கேஸ் பாயும்போது அழுத்தத்தை வெளியே விடும் ப்ரஷர் ரிலீஃப் டேம்பர் தேவையா என்று கணக்குப் பாருங்கள். நைட்ரஜன், ஆர்கான் போன்ற இனர்ட் கேஸ் என்றால் இதை விட்டுவிடவே கூடாது, ஜிப்சம் பார்ட்டிஷன் தாங்காது.

கேள்வி: சிலிண்டரின் ப்ரஷர் கேஜ் முள் பச்சையில் நிற்கிறது. போதாதா?

இனர்ட் கேஸுக்கு அழுத்தம்தான் அளவு, வெப்பநிலையைச் சரிபார்த்து 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிரப்ப வேண்டும். எஃப்எம்-200 சிலிண்டரில் முள் காட்டுவது பெரும்பாலும் மேலே ஏற்றிய நைட்ரஜனின் அழுத்தம். உள்ளே எத்தனை கிலோ கேஸ் இருக்கிறது என்று அது சொல்லாது. எடை போட்டு, நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். எடையில் 5 சதவீதமோ அழுத்தத்தில் 10 சதவீதமோ குறைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்தா?

எந்த கேஸ் என்பதைப் பொறுத்தது. எஃப்எம்-200 சுமார் 7, 8 சதவீதத்தில் டிசைன் செய்வார்கள். பாதிப்பு தெரியாத எல்லை 9. ஆனாலும் வெளியேறத்தான் வேண்டும். தீயில் பட்டு அது ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சு வாயு ஆகும். சிஓ2 (கரியமில வாயு) முற்றிலும் வேறு. அறை நிரப்ப 34 சதவீதமாவது வேண்டும், அதில் மனிதன் பிழைக்க மாட்டான். சிஓ2 அறைக்குள் கேஸ் வர முடியாதபடி மெக்கானிக்கல் லாக் போடாமல் யாரையும் அனுப்பாதீர்கள், டெஸ்ட் நாளிலும்.

கேள்வி: கேஸ் வருவதைத் தடுக்கும் அபார்ட் பட்டனை அழுத்தியும் கேஸ் வந்துவிட்டது. பேனல் கோளாறா?

கேஸைக் கையால் திறக்கும் மேனுவல் ரிலீஸை யாராவது இழுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். மேனுவல் ரிலீஸ் அபார்ட்டை மீறும், அப்படித்தான் இருக்க வேண்டும். அபார்ட்டும் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான்.

கேள்வி: கேஸ் வந்தால் சர்வருக்குப் பாதிப்பு வருமா?

கேஸால் வராது, சத்தத்தால் வரும். 2016ல் புக்காரெஸ்டில் ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் இனர்ட் கேஸ் டெஸ்டின்போது எழுந்த சத்தத்திலேயே ஹார்டு டிஸ்குகள் பழுதாயின. நாசில் ரேக்கை நோக்கி இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள், சைலன்சர் நாசிலும் கிடைக்கிறது.