முன்னங்காலில் மட்டும் ஒரு சீப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலின் எல்லா செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் என்று எழுதியிருந்தீர்கள். எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதை, டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மேல் ஒட்டும் குறிகள் முடிவு செய்கின்றன என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் குறியை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

க.

அன்புள்ள க.,

நல்ல கேள்வி. முடிவெடுப்பது ஒரு வேலை, எடுத்த முடிவை மறக்காமலிருப்பது இன்னொரு வேலை. நீங்கள் கேட்கும் குறிக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயைப் பாருங்கள். ஆணின் முன்னங்கால்களில் மட்டும் தடித்த கறுப்பு முட்கள் பத்து வாக்கில், சீப்புப் பல் போல வரிசையாக நிற்கும். 1947இல் பமேலா லூயிஸ் கண்ட ஒரு மரபணுத் திரிபில் நடுக்காலிலும் பின்னங்காலிலும்கூடச் சீப்பு முளைத்திருந்தது. அந்த மரபணுவின் பெயரே பாலிகோம்ப், அதாவது பல சீப்பு.

உடலின் எந்தப் பகுதி என்னவாக வேண்டும் என்று சொல்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். அவற்றில் எது எங்கே இயங்கும் என்பதை, கரு உருவான முதல் சில மணி நேரத்தில் ஹன்ச்பேக் போன்ற புரதங்கள் தீர்மானிக்கின்றன. அப்புறம் அவை மறைந்துவிடும். கால் முழுசாக உருவாகப் பல நாள் ஆகும். அதுவரை நினைவில் வைத்திருப்பது யார்? டிஎன்ஏவிலேயே பாலிகோம்ப் குழுப் புரதங்களை, அதாவது பாலிகோம்பையும் அதன் கூட்டாளிகளையும், அழைத்துவரும் துண்டுகள் உண்டு. யாரும் எழுப்பாத மரபணுவைச் சுற்றி, எச்-3 என்ற ஹிஸ்டோனின் 27ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அந்தக் குழு மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி மூன்றை ஒட்டுகிறது. மரபணுவை உறங்கவைக்கும் குறி இதுதான். செல் பிரியும் முன் டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு பிரதிகளுக்கும் பங்காகப் போகின்றன. இடையில் வந்து சேரும் புதியவற்றில் குறி இருக்காது. பழைய குறியைத் தொட்டதும் ஒட்டும் நொதி வேகம் பிடிக்கிறது, பக்கத்துப் புதிய ஹிஸ்டோனிலும் குறி விழுகிறது. எனக்கு இன்னமும் வியப்பூட்டுவது இந்த இடம்தான்.

சரி, குறி வெறும் அடையாளமாக மட்டும் இருந்தால்? 2013இல் இதைச் சோதித்தார்கள். ஈயின் ஹிஸ்டோன் மரபணுக்கள் சுமார் 100 பிரதிகளாக இருக்கின்றன. அத்தனையையும் நீக்கிவிட்டு, எச்-3இன் 27ஆம் லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் என்ற வேறு அமினோ அமிலம் வைத்த பிரதிகளைக் கொடுத்தார்கள். மெத்தில் ஒட்ட இடமே இல்லை. இறக்கையாக வேண்டிய திசுவில், அங்கே உறங்க வேண்டிய அல்ட்ராபைதோராக்ஸ் என்ற ஹாக்ஸ் மரபணு விழித்துக்கொண்டது. பாலிகோம்ப் குழு பழுதானால் நடப்பது போலவே.

எல்லாக் குறிக்கும் இப்படி அமையவில்லை. இயங்கும் மரபணுக்களின் அடையாளமாகச் சொல்லப்படும் எச்-3இன் 4ஆம் லைசின் மெத்திலை ஈயில் இதே போல நீக்கியபோது, மரபணுக்கள் தொடர்ந்து இயங்கத்தான் செய்தன. உங்கள் ஆசிரியரிடம் இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்தே கேளுங்கள்.