65 வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57, கணவருக்கு 61. கானாடுகாத்தானில் நாங்கள் இருவர் மட்டும். என் மாமியார் பக்கவாதத்தில் நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன், நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு எடுக்கச் சொல்கிறான். கணவரோ 65 ஆகட்டும் என்கிறார். எப்போது எடுப்பது?

பதில்: ஆச்சி, மகன் அந்த ஊர் வழக்கத்தை வைத்துச் சொல்கிறார். அங்கே 2020 முதல் கேர்ஷீல்டு லைஃப் என்ற அரசின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது என்று ஆறு வேலைகளில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாவிட்டால் மாதாமாதம் பணம் வரும். அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அது. அதே மாதிரி பாலிசி இங்கே கிடைப்பது அரிது.

நம்மிடம் இருப்பது மெடிக்ளெய்ம். அது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளத்தைக் கட்டாது. மாமியாருக்கு ஆன செலவை ஒருமுறை ஐந்தொகை போட்டுப் பாருங்கள், எது பெரிதென்று தெரியும்.

ஆனாலும் மெடிக்ளெய்மை இந்த வருஷமே எடுங்கள். 2024 ஏப்ரலில் இருந்து 65 வயதுக்கு மேலும் புதிதாகச் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். 65-ல் சர்க்கரையோடு போய் நின்றால், அது சார்ந்த சிகிச்சைக்கு 68 வரை கைக்காசுதான். இப்போதே சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

கூடவே உங்கள் பெயரில் தீவிர நோய் பாலிசி ஒன்று. பக்கவாதம் வந்து, பாதிப்பு மூன்று மாதம் கழித்தும் நீடித்தால் மொத்தத் தொகையாகத் தருவார்கள். அதில் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

மீதிக்குச் சொந்தப் பணம்தான். கணவர் பெயரில் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்பில் 10 லட்சம் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். அதைச் செலவுக்கு எடுக்காமல் பராமரிப்புக்கென்று தனியாகச் சேர்த்து வையுங்கள். 70 வயதானால் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் உண்டு, அதுவும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

பெரிய வீடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு அது காசாவதற்குள் எத்தனை வருஷம் ஆகுமோ! அந்த வீட்டுக்கும் ஒரு செலவு பாக்கி இருக்கிறது. திண்ணைப் படிக்குக் கைப்பிடி, படுக்கிற அறையை ஒட்டி ஒரு கழிப்பறை. பின்கட்டு வரை நடக்க முடிகிற இப்போதே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.