பேசாத பையனுக்குப் படம் வரையச் சொல்லலாமா?

கேள்வி: டீச்சர், எங்கள் லைன் வீட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பாவுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை. 15 வயதுப் பையன் பள்ளிக்கூடம் போவதில்லை, யாரோடும் பேசுவதும் இல்லை. இந்தத் தெருவில் அவனைப் போல ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு வைக்கலாம் என்று நினைக்கிறோம். பலன் இருக்குமா?
- ஒரு வாசகி, கஞ்சிக்கோடு

பதில்: இருக்கும், தாராளமாக ஆரம்பியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலை உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று 2019-லேயே அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆனால் எப்படி நடத்துகிறோம் என்பது முக்கியம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் வகுப்பு எடுத்தபோது, முதல் நாளே "உங்க ஊரை வரைங்க" என்றேன். ஒரு பையன் எழுந்து போனான், திரும்பி வரவே இல்லை. விட்டுவந்த வீட்டை முன்பின் தெரியாதவர்கள் எதிரில் எடுத்து வைக்கச் சொன்னது என் தவறு. இன்னும் மனசில் கிடக்கிறது.

அதே வகுப்பில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பக்கத்துப் பெண் ஒருத்தி மூன்று வாரம் ஸ்கெட்ச் பேனாவைத் தொடவே இல்லை. ஒரு நாள் நான் வாசலில் மாக்கோலம் போடுவதைக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு உடைந்த சீப்போடு வந்தாள். பின்சுவரில் கரியும் மண்ணும் குழைத்துப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் வெள்ளை மண்ணை மெழுகி, ஈரம் போவதற்குள் சீப்பால் இழுத்தாள். பல் பட்ட இடமெல்லாம் கறுப்பு தெரிந்தது. பார்த்தால் மயில்! கல்யாண வீட்டுக்கு வரைகிற இதற்கு கோவர் என்று பெயராம். தீபாவளி முடிந்ததும் மாடுகளுக்காகக் கொண்டாடும் பண்டிகைக்கு வரைவது சோராய். நம் மாட்டுப்பொங்கல் மாதிரிதான். இரண்டுக்கும் சேர்த்து 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் சீப்பை வாங்கி இழுத்தபோது கோடு கோணிப்போனது. என் மணிக்கட்டைப் பிடித்து, "டீச்சர், அப்படி இல்ல" என்றாள். நான் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அதுதான்.

அதனால், அந்தப் பையனுக்கு என்ன வரும் என்று முதலில் பாருங்கள். படமாக இல்லாவிட்டால் மேளமாக இருக்கலாம். அதை நம் பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுக்கட்டும். நம் பிள்ளைகளும் கட்டாயம் கூட உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொரு லைன் வீடு ஆகிவிடும். போட்டியும் பரிசும் வேண்டாம். அவனாகக் கேட்காமல் ஓணத்துக்கு மேடை ஏற்றாதீர்கள். அப்பாவின் ஷிப்ட் பார்த்து நேரம் வையுங்கள், வைத்தால் ஒரு வாரமும் தவறாதீர்கள். இரண்டே பேர் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறான் என்றால் வகுப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், இந்தியிலும் பேசலாம். பள்ளிச் சேர்க்கைக்கு உங்கள் வார்டு மெம்பரைப் பாருங்கள்.

அப்புறம், சுவரில் மண் பூச வாயனசாலை செயலாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துக்கொண்டால் சுவர் காயாது.