அப்பாவின் சிம்மை இப்போதைக்குக் கைவிடாதீர்கள்

கேள்வி: என் அப்பா ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். இரண்டு மாதம் முன்பு காலமானார். அவருடைய போன் அம்மாவிடம் இருக்கிறது. போன வாரத்திலிருந்து ஏதோ கடன் செயலியின் பெயரில் ஓடிபி வந்துகொண்டே இருக்கிறது. ‘சாரோட பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு’ என்று ஒருவர் போனும் செய்தார். இறந்தவர் சிம்முக்கு எதற்கு ரீசார்ஜ் என்கிறான் தம்பி. அப்பா பெயரில் யாராவது கடன் வாங்கினால் அது எங்கள் தலையில் விழுமா?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: தம்பியை இன்றைக்கே ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். இருப்பதிலேயே மலிவான பிளான் போதும்.

காரணம் இதுதான். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு குறைந்தது இன்னொரு 90 நாள் கழித்து, அதே எண் புது வாடிக்கையாளர் ஒருவருக்குப் போய்விடும். அந்த எண்ணோடு அப்பாவின் வங்கிக் கணக்கும் ஆதாரும் வருமான வரிக் கணக்கும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். கைமாறிய எண்களை யுபிஐ-யிலிருந்து நீக்க வங்கிகள் வாரம் ஒருமுறையாவது பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்று 2025-ல் விதி வந்திருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. வாட்ஸ்அப்பையும் யோசியுங்கள். புது ஆள் அந்த எண்ணில் கணக்கு திறந்தால், உறவினர்கள் போனில் அது உங்கள் அப்பா பெயரிலேயே தெரியும்.

கடன் விஷயத்தில் பயம் வேண்டாம். அப்பா உயிரோடு இருந்தபோது வாங்கிய கடனுக்கே, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. அவர் இறந்த பிறகு யாரோ வாங்கியது அவர் கடனே அல்ல. இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியே அதற்குச் சாட்சி. ஆனால் வசூல் ஆட்கள் வாசலில் நின்ற பிறகு அதை விளக்குவது தலைவலி. அதனால் இப்போதே 1930-க்கு அழைத்தோ, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அந்த ஓடிபி செய்திகளை அழிக்காதீர்கள்; தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

விவரங்கள் எங்கிருந்து கசிந்திருக்கும்? நம் ஊரில் யாரும் திருடவே வேண்டியதில்லை, நாமே ஒட்டி வைக்கிறோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள்: படம், முழுப் பெயர், வகித்த பதவி, தோற்றம், மறைவு, கீழே மகன், மகள், மருமகன் என்று மொத்தக் குடும்பமும். ‘தோற்றம்’ என்று போடுகிற தேதி பிறந்த தேதிதானே. இ-பான் கோப்பைத் திறக்கிற கடவுச்சொல்லே அதுதான். வருடத்தை மட்டும் போட்டாலே போதும், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்தது ஜெராக்ஸ். சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் அலைகிற நாட்களில் ஆதார் நகலைக் கணக்கில்லாமல் கொடுப்போம். பிரவுசிங் சென்டர் கணினியில் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். இனி கொடுக்கும் நகலின் குறுக்கே ‘குடும்ப ஓய்வூதியத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். கடையில் கோப்பை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

சரி, சிம் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால், அவர் பெயரில் இருக்கும் மொபைல் எண்களின் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்று அங்கேயே புகார் செய்யலாம். அப்புறம் மைஆதார் தளத்தில் அவர் ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டுங்கள். இறந்தவர் ரேகையை யார் என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். சொத்துப் பத்திரங்களில் இருக்கும் ரேகையைப் படியெடுத்து, சிலிகோனில் செய்து, கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கருவியில் ஏமாற்றிய கும்பல்களை ஹைதராபாத் பக்கம் போலீஸ் பிடித்திருக்கிறது.

இந்த இரண்டுக்கும் அப்பா போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டும், மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு இதைச் செய்யட்டும். ஆனால் ஒரு கோடு இருக்கிறது: பின் நம்பர் தெரியும் என்பதற்காக ஏடிஎம்மிலோ ஜிபேயிலோ பணம் எடுக்காதீர்கள். காரியச் செலவுக்குத்தான் என்றாலும் பிறகு வங்கிக்கும் மற்ற வாரிசுகளுக்கும் பதில் சொல்ல நேரும்.

அடுத்து வங்கி. இறப்பை எழுத்தில் தெரிவித்து, கடித நகலில் முத்திரை வாங்குங்கள். அதன் பிறகு கணக்கிலிருந்து யாரும் பணம் எடுக்க முடியாது. அதே வாரம் மாவட்டக் கருவூலத்துக்கும் சொல்லுங்கள். இறந்த பிறகு வரவான பென்ஷனை அரசு திரும்பப் பிடிக்கும். நாமினி இருந்தால் பணம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான். ஆவணம் எல்லாம் சேர்ந்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. மேலாளர் இழுத்தடித்தால் அதைச் சொல்லுங்கள்.

ஆதார் ஆணையத்திடம் இறப்பைத் தெரிவிப்பது இதற்கெல்லாம் பிறகு. 2025 ஜூனிலிருந்து மைஆதாரில் குடும்ப உறுப்பினரே தன் ஆதாரில் நுழைந்து, இறப்புப் பதிவு எண்ணைக் கொடுத்து இதைச் செய்யலாம். எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் இணைக்கப்படவில்லை என்பதால் உங்கள் பதிவு எந்த மாநிலம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஆதார் எண் முடக்கப்படுமே தவிர, வேறு யாருக்கும் ஒருபோதும் கொடுக்கப்படாது. பான் கார்டை அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். கடைசி வருமானத்துக்குக் கணக்கு தாக்கல் செய்து, ரீஃபண்ட் இருந்தால் வாங்கிய பிறகு போதும். வருமான வரித் தளத்தில் சட்டப்படியான வாரிசாக நீங்கள் பதிந்துகொண்டால் அந்த வேலை நடக்கும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 7, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் இரண்டும் சின்ன வேலைகள்.

எல்லாம் முடிந்தபின் சிம்மைத் தூக்கிப் போடுவதை விட, சான்றிதழோடு கடைக்குப் போய் அம்மா பெயருக்கு மாற்றுவதே நல்லது என்பேன். எண் குடும்பத்தை விட்டுப் போகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா பெயரில் நிலமோ வீடோ இருந்தால், கடன் செயலியை விட அதுதான் பெரிய கவலை. இறந்தவர் போல வேறு ஆளை உட்கார வைத்துப் பத்திரம் பதிவதும், அவர் பெயரில் பொய்யாகப் பவர் எழுதுவதும் தமிழ்நாட்டில் பழைய மோசடிகள். உண்மையான பவர் பத்திரமே ஆனாலும், கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அது செல்லாது. ஆனால் வாங்க வருகிறவருக்கு இறப்பு தெரியாதே. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை பதிவுத்துறை இணையதளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பாருங்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. புதிதாக ஒரு பத்திர எண் தெரிந்தால் அன்றைக்கே மாவட்டப் பதிவாளருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

போனஸ் போனைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: அடுத்து வருவது ‘ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்க, மொத்தப் பணமும் வந்துடும்’ என்பதுதான். தான் போனஸ் அறிவித்து யாருக்கும் போன் செய்வதில்லை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்பாவின் பாலிசி பாண்டை அது நிர்வகிக்கப்படும் கிளைக்கு நேரில் எடுத்துப் போங்கள். உரிய தொகையைத் தர அவர்கள் முன்பணம் கேட்க மாட்டார்கள்.